கொல்லிமலை மேல ஏன் ஐஸ் இல்ல? - ஒரு டச்சு மாலுமியின் கதை

"மாமா, கொல்லிமலை மேல ஏன் ஐஸ் இல்ல?"

போன தடவை ராசிபுரம் போயிருந்தப்ப அக்கா பையன் கேட்டான். ஆறாவது படிக்கிறான். எங்கேயோ கிளிமஞ்சாரோ படத்தைப் பார்த்திருக்கான். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்துலயே இருக்கிற மலை, ஆனா உச்சி முழுக்க வெள்ளை. "அங்கயே ஐஸ் இருக்குதுன்னா, நாம அதைவிட வடக்க தள்ளித்தானே இருக்கோம்? நமக்கு இன்னும் ஜாஸ்தியா இல்ல இருக்கணும்?" என்கிறான். லாஜிக்ல ஓட்டையே இல்லை. என்ன பதில் சொல்றது?

சேலம், நாமக்கல் பக்கத்து ஆளுங்களுக்கு வானத்துல இருந்து ஐஸ் விழறதைப் பார்க்க ஒரே ஒரு வாய்ப்பு தான். கோடை மழையில் எப்பவாவது விழும் ஆலங்கட்டி. ஜவ்வரிசி சைஸ்ல ஆரம்பிச்சு புளியங்கொட்டை சைஸ் வரைக்கும் வரும். பொறுக்கிக் கையில வைக்கிறதுக்குள்ள தண்ணி. அதுக்கு மேல நமக்கு அனுபவம் கிடையாது. ஆனா பாருங்க, மொழியில மட்டும் பனிக்குக் குறைச்சலே இல்லை. ஆறு பருவத்தில் முன்பனி, பின்பனின்னு ரெண்டை அதுக்கே எழுதிக் கொடுத்திருக்கோம். மார்கழி காலையில மப்ளரைச் சுத்திக்கிட்டுப் பால் வாங்கப் போறவரும் "ஒரே பனிங்க" என்பார். இமயமலையில் ராணுவ வீரர் முட்டி வரைக்கும் புதைஞ்சு நிக்கிறதும் பனி தான். புல்லு மேல முத்து மாதிரி நிக்கிறதும் பனி, ரோட்டை மறைக்கிறதும் பனி, ஊட்டியில வெள்ளையாப் படியறதும் பனி, காஷ்மீர்ல பஞ்சு மாதிரி கொட்டறதும் பனி. நாலுக்கும் ஒரே வார்த்தை. பார்க்காத ஊர்க்காரங்க வச்ச பேரு, வேற எப்படி இருக்கும்? :)

சரி, மேட்டருக்கு வருவோம். அவன் கேள்விக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன்.

மலை மேல ஏற ஏற, ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் சராசரியா ஆறரை டிகிரி வெப்பம் குறையும். சேலம் கடல் மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட 280 மீட்டர் உயரம். வருஷ சராசரி வெப்பம் சுமார் 28 டிகிரின்னு வச்சுக்குங்க. ஏற்காடு சுமார் 1500 மீட்டர். ஆக, பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவைத் தாண்டி மேலே போனா எட்டு டிகிரி குறையுது. நமக்கு அதுவே ஸ்வெட்டர் போடுற குளிர். பூஜ்யம் டிகிரிக்குப் போகணும்னா சேலத்துக்கு மேல இன்னும் 4300 மீட்டர் ஏறணும். கடல் மட்டத்துல இருந்து 4600. மூணு ஏற்காட்டைத் தூக்கி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினாலும் கொஞ்சம் பத்தாது.

இமயத்துக்குத் தெற்கே அவ்வளவு உயரம் எங்கேயும் இல்லை. மூணாறு பக்கத்து ஆனைமுடி 2695 மீட்டர். தொட்டபெட்டா 2637. நமக்குப் பக்கத்துல இருக்கிற வெப்பமண்டலத் தீவு இலங்கை. அங்கே உயரமான மலை பிதுருதலாகல, 2524 மீட்டர். அதன் அடிவாரத்தில் தான் நுவரெலியா. தை மாசி விடியக்காலையில் அங்கே தேயிலைத் தோட்டத்துக்குப் போற நம்ம மலையகத் தமிழர்கள், புல்லும் கொழுந்தும் வெள்ளை பூத்துக் கிடக்கிறதை நல்லா அறிவாங்க. ஊட்டியிலும் அதே கதை. ஆனா அது உறைபனி. மேகமே இல்லாத ராத்திரியில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுட்டு, மேல இருக்கிற காத்தை விட அதிகமா குளிர்ந்து போய், காத்துல இருக்கிற ஈரம் அதன் மேலேயே ஐஸாப் படியறது. வெயில் வந்தா அரை மணியில் காலி. தேயிலைக் கொழுந்து மட்டும் கருகி நிக்கும். மேகத்துல இருந்து விழற பனி வேற. அது விழுந்து தங்கணும்னா உயரம் வேணும்.

வெப்பமண்டலத் தீவுகளில் அந்த அளவு உயரம் இருக்கிறது ரொம்பக் கம்மி. ஹவாயில் மௌனா கியா, 4205 மீட்டர். குளிர்காலத்தில் அங்கே பனி விழும். அந்த மக்களின் பழைய கதைகளில் பனிக்குன்னே போலியாஹுன்னு ஒரு தெய்வமே உண்டு. போர்னியோவில் கினபாலு 4095 மீட்டர், கொஞ்சத்துல கோட்டை விட்டுடுச்சு. மிச்சம் இருக்கிறது நியூ கினி. அதன் நடுவில் 4884 மீட்டருக்கு ஒரு மலை நிக்குது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே வெறும் நாலு டிகிரியில். நம்ம சேலம் பதினொன்றரை டிகிரி வடக்கு, ஞாபகம் வச்சுக்குங்க. அதாவது நம்மளை விட ரேகைக்கு ரொம்பப் பக்கம். அங்கே பனியாறே இருந்தது.

இந்த மலையைப் பத்தி முதன்முதலில் எழுதி வச்ச ஐரோப்பியர் பேர் யான் கார்ஸ்டென்ஸ். அவர் கதை தான் இந்தப் பதிவு.

*

1623 ஜனவரி. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. (நம்ம பழவேற்காட்டில் 1613-லேயே கோட்டை கட்டி உட்கார்ந்த அதே கம்பெனி தான்.) மொலுக்கஸ் தீவுகளில் அம்போன் என்கிற இடத்துல இருந்து பெரா, ஆர்ன்ஹெம்னு ரெண்டு கப்பலை அனுப்புறாங்க. தலைவர் கார்ஸ்டென்ஸ். வேலை: நியூ கினியின் தெற்குக் கரையைப் பிடிச்சுக்கிட்டே போய், அங்கே என்ன இருக்கு, யாரு இருக்காங்க, வியாபாரத்துக்கு ஏதாவது தேறுமா, தங்கம் கிங்கம் உண்டான்னு பார்த்துட்டு வரணும்.

ஆரம்பமே சரியில்லை. பிப்ரவரி 11-ம் தேதி ஆர்ன்ஹெம் கப்பலின் கேப்டனும் கூட இருந்த சில பேரும் கரையில் இறங்கின இடத்தில் உள்ளூர்க்காரர்களோடு மோதலாகி செத்துப் போறாங்க. அந்தத் துக்கத்தோடயே கப்பல்கள் கிழக்கே நகருது. அஞ்சு நாள் கழிச்சு, பிப்ரவரி 16. வடக்கே, நாட்டுக்கு உள்ளே, ஒரு பெரிய மலைத்தொடர் தெரியுது. அதில் பல இடத்தில் வெள்ளையா இருக்கு. பனின்னு கார்ஸ்டென்ஸ் குறிச்சு வைக்கிறார். ரேகைக்கு இவ்வளவு பக்கத்துல பனியாங்கிற ஆச்சரியத்தையும் கூடவே எழுதுறார். அவ்வளவு தான். ரெண்டு மூணு வரி. அடுத்த நாள் வேலை அடுத்த நாள்.

எனக்கு இதுல பிடிச்ச விஷயம், அந்தக் குறிப்பால் கம்பெனிக்கு அஞ்சு காசு பிரயோஜனம் கிடையாது. பனியை மூட்டை கட்டி விக்க முடியுமா? இருந்தாலும் பார்த்ததை எழுதினார்.

அவர் உளறுறாரோன்னு சந்தேகப்பட்டா ஒரு சின்ன சரிபார்ப்பு. கரையில் இருந்து அந்த மலை சுமார் 100 கிலோமீட்டர். பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்தா, கிட்டத்தட்ட 5000 மீட்டர் உயர மலை 250 கிலோமீட்டர் தூரம் வரை கடலில் இருந்து தெரியணும். ஆக, தெரிஞ்சிருக்கலாம், சிக்கலே இல்லை. என்ன ஒண்ணு, அந்தப் பக்கம் மழையும் மேகமும் சொல்லி மாளாது. விடிஞ்சு கொஞ்ச நேரம் மலை முகம் காட்டும், வெயில் ஏற ஏற மேகம் வந்து மூடிடும். அந்தக் கொஞ்ச நேரத்தில் மேல் தளத்துல நின்னு அந்தப் பக்கம் பார்த்தவருக்குத் தான் அதிர்ஷ்டம்.

ஊருக்கு வந்து சேர்ந்த இந்தச் செய்தியை ஐரோப்பாவில் யாரும் நம்பலை, கேலி பண்ணினாங்கன்னு தான் மலையேறிகள் எழுதின புத்தகங்கள் எல்லாம் சொல்லுது. நம்பாததில் ஆச்சரியமும் இல்லை. அன்னிக்கு வெப்பமண்டலம்னா அவங்களுக்குத் தெரிஞ்சது கடலோரமும் துறைமுகமும் தான். வேர்த்து ஊத்தும், காய்ச்சல் வரும். சமவெளியில் நின்னுக்கிட்டு யோசிச்சா ரேகையில் பனிங்கிறது உளறல் தான்.

*

இதே பயணத்துல இன்னொரு விஷயம் நடந்தது. அது தான் என்னை ரொம்ப யோசிக்க வச்சது.

கார்ஸ்டென்ஸ் இன்னும் கிழக்கே போனார். நியூ கினிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவில் கடல்வழி இருக்கு, இன்னிக்கு டோரஸ் நீரிணைன்னு சொல்றோம். அது முழுக்க மணல் திட்டும் பவளப்பாறையும். அதன் வாய்க்கு வந்தவர், ஆழம் குறைஞ்சுக்கிட்டே போறதைப் பார்த்துட்டு, இது சும்மா ஆழமில்லாத ஒரு வளைகுடா, அந்தப் பக்கம் வழி இல்லைன்னு முடிவு பண்ணிட்டார். தெற்கே திரும்பி ஆஸ்திரேலியாவின் வடக்குக் கரையோரம் போனார். அங்கே இருக்கிற கார்பென்டாரியா வளைகுடா, ஆர்ன்ஹெம் லேண்ட் எல்லாம் இந்தப் பயணத்தால் வந்த பேர்கள்.

ஆனா அங்கே வழி இருந்தது. 1606-லேயே லூயிஸ் டி டோரஸ்ங்கிற ஸ்பானிஷ் படைக் கப்பல் தலைவர் அந்தப் பாறைகளுக்கு நடுவில் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வந்துட்டார். ஸ்பெயின் அதை வெளியே விடாம வச்சிருந்தது. 1644-ல் டாஸ்மனை அனுப்பி இந்த இடத்தில் வழி உண்டான்னு பார்க்கச் சொன்னாங்க. அவரும் கண்டுபிடிக்கலை. அதனால ரொம்ப காலத்துக்கு டச்சு வரைபடங்கள் அந்த இடத்தை ஒண்ணா ஒட்டியோ, மழுப்பியோ தான் போட்டுக்கிட்டு இருந்தது.

இந்த முடிச்சு அவிழ்ந்ததில் நம்ம மெட்ராஸுக்கு ஒரு பங்கு உண்டு. அலெக்சாண்டர் டால்ரிம்பிள்னு ஒரு பையன் 1753-ல் ஆங்கிலக் கம்பெனியில் எழுத்தரா மெட்ராஸ் வந்து சேர்ந்தான். பின்னாடி கடல் வரைபடத்துல பெரிய ஆளா ஆனவர். 1762-ல் பிரிட்டிஷ்காரங்க மணிலாவைப் பிடிச்சப்ப சிக்கின ஸ்பானிஷ் காகிதங்கள் வழியா டோரஸ் போன பாதை இவருக்குத் தெரிய வந்தது. அதைத் தன் வரைபடத்தில் போட்டார். நீரிணைக்கு டோரஸ் பேரை வச்சதும் இவர் தான். 1770-ல் கேப்டன் குக் அந்த வழியாகப் போனப்ப, கப்பலில் இருந்த ஜோசப் பேங்க்ஸ் கையில் டால்ரிம்பிளின் வரைபடம் இருந்தது.

இப்ப ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒரே ஆள், ஒரே பயணம், ஒரே நாட்குறிப்பு. ரெண்டு தகவல். "இங்கே வழி இல்லை" என்பது தப்பு, கிட்டத்தட்ட 150 வருஷம் வரைபடத்தில் தங்கிடுச்சு. "மலையில் பனி இருக்கு" என்பது சரி, அதைச் சிரிச்சு ஒதுக்கிட்டாங்க. தப்பானது எல்லாரும் எதிர்பார்த்ததோடு ஒத்துப் போச்சு, சரியானது ஒத்துப் போகலை. வித்தியாசம் அவ்வளவு தான்!

சாப்ட்வேர்காரங்களுக்கு இது புதுசே இல்லை. டெஸ்டர் ஒரு பக் ரிப்போர்ட் போடுவார். டெவலப்பர் தன் சிஸ்டத்தில் ஓட்டிப் பார்ப்பார், வராது. "என் மெஷின்ல நல்லாத்தான் ஓடுது" என்று டிக்கெட்டை மூடிடுவார். கார்ஸ்டென்ஸ் போட்ட டிக்கெட்டை ஐரோப்பா மூடி வச்ச காலம் 286 வருஷம்.

நடுவில் இதே கதை ஆப்பிரிக்காவில் ஒரு தடவை ஓடிச்சு. 1848 மே 11. யோஹான்னஸ் ரெப்மன் என்கிற ஜெர்மன் பாதிரியார் கிளிமஞ்சாரோ உச்சியில் வெள்ளையா ஒண்ணைப் பார்க்கிறார். வழிகாட்டியைக் கேட்டா அவருக்குத் தெரிஞ்ச வார்த்தை "குளிர்" மட்டும் தான். ரெப்மன் அடுத்த வருஷம் எழுதி வெளியிட்டார். லண்டனில் டெஸ்பரோ கூலின்னு ஒரு பெரிய புவியியல் நிபுணர். ஆப்பிரிக்காவின் உட்பகுதிக்கே போகாம ஆப்பிரிக்கா பத்திப் புத்தகம் எழுதினவர். அவர் அடிச்சு சொல்லிட்டார், பனி எல்லாம் கிடையாது, பாதிரியார் கண்ணுக்கு ஏதோ தெரிஞ்சிருக்குன்னு. 1862-ல் ஃபான் டெர் டெக்கன் பாதி மலை வரை ஏறி, பனி தன் மேலேயே விழுந்ததைச் சொன்ன பிறகு தான் விஷயம் அடங்கிச்சு. கூலி மட்டும் அப்பவும் மசியலைன்னு சொல்றாங்க. இப்பவும் எல்லா ஆபீஸ்லயும் ஒரு கூலி இருக்கார். :)

*

நியூ கினிக்குத் திரும்புவோம். மலை கண்ணுக்குத் தெரியுது, ஆனா போக முடியலை. கடலோரம் சதுப்பு நிலம், அதைத் தாண்டினா அடர்ந்த காடு, தினமும் மழை, மலேரியா, அப்புறம் செங்குத்தா எழும்புற மலை.

1909-ல் ஹெண்ட்ரிக் லோரென்ட்ஸ் என்கிற டச்சுக்காரர் ஒரு குழுவோட ஆத்து வழியா உள்ளே போனார். போர்னியோவில் இருந்து கூட்டிட்டு வந்த தயாக் மக்கள் தான் சுமையைத் தூக்கினது, படகு செஞ்சது, வழி வெட்டினது எல்லாம். நவம்பர் 8-ம் தேதி, இன்னிக்கு திரிகோரா எனப்படும் சிகரத்தில், சுமார் 4460 மீட்டர் உயரத்தில் பனியைத் தொட்டாங்க. கார்ஸ்டென்ஸ் எழுதினதுக்குப் பிறகு, வெளியில் இருந்து வந்த ஒருத்தர் கையில் அந்தத் தீவின் பனி பட்டது அன்னிக்குத் தான். பின்னாடி 1999-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த அந்தக் காட்டுக்கு லோரென்ட்ஸ் தேசியப் பூங்கான்னு தான் பேர். பனி மலையில் ஆரம்பிச்சு வெப்பக் கடல் வரைக்கும் ஒரே பூங்காவுக்குள்ள வரும்.

கார்ஸ்டென்ஸ் பேரையே வச்ச உயரமான மலைக்கு ஆள் போக இன்னும் நாளாச்சு. 1913-ல் வோலஸ்டன்னு ஒரு ஆங்கிலேய டாக்டர் பனியாறு வரைக்கும் போய் மேகத்தில் சிக்கித் திரும்பினார். 1936 டிசம்பரில் மூணு டச்சுக்காரங்க, கொலைன், டோஸி, விஸல், பனிமேல் ஏறி ங்கா பூலு என்கிற சிகரத்தைத் தொட்டாங்க. பாறையாக நிக்கிற அந்த 4884 மீட்டர் உச்சியில் கால் வச்சது 1962 பிப்ரவரி 13-ல். ஹைன்ரிக் ஹாரர் தலைமையில் நாலு பேர். "திபெத்தில் ஏழு ஆண்டுகள்" எழுதினாரே, பிராட் பிட் நடிச்ச படம் வந்துச்சே, அவரே தான். அடுத்த வருஷம் அந்தப் பகுதி இந்தோனேசியா கைக்குப் போச்சு. மலைக்கு இப்ப புன்சாக் ஜெயான்னு பேர்.

1936 குழுவில் டோஸி ஒரு நிலவியல்காரர். பனிக்குக் கீழே ஒரு புல்வெளியில் கறுப்பா தனியா துருத்திக்கிட்டு நின்ன பாறைக் குன்று அவர் கண்ணில் பட்டது. கல்லு முழுக்கச் செம்புத் தாது. எர்ட்ஸ்பெர்க், தாது மலைன்னு பேர் வச்சார். 1939-ல் அறிக்கை அச்சானது. உடனே உலகப் போர். யாருக்கு நேரம் இருக்கு படிக்க? இருபது வருஷம் அந்த அறிக்கை தூசியில் கிடந்தது. 1959-ல் அமெரிக்க ஃப்ரீபோர்ட் கம்பெனியின் ஃபோர்ப்ஸ் வில்சன் கண்ணில் பட, அடுத்த வருஷமே அவர் அங்கே போய் நின்னார். 1967-ல் இந்தோனேசியாவோடு ஒப்பந்தம். 1970-களின் தொடக்கத்தில் தாது வெளியே வர ஆரம்பிச்சது. 1988-ல் பக்கத்திலேயே கிராஸ்பெர்க் கிடைச்சது. உலகத்தின் மிகப் பெரிய தங்க, செம்புச் சுரங்கங்களில் அது ஒண்ணு. பனியாறுக்கும் அந்தச் சுரங்கக் குழிக்கும் நடுவில் சில கிலோமீட்டர் தான்.

யோசிச்சுப் பாருங்க. கார்ஸ்டென்ஸை எதுக்கு அனுப்பினாங்க? தங்கம் இருக்கான்னு பார்க்க. அவர் கடலில் நின்னு பார்த்தது சரியாத் தங்க மலையைத் தான். அவருக்குத் தெரிஞ்சது மேல இருந்த பனி மட்டும்.

மேட்டூர் அலுமினிய ஆலைக்காக ஏற்காட்டுலயும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டி லாரி லாரியா இறக்கினதை எங்க அப்பா தலைமுறை பார்த்திருக்கு. கிராஸ்பெர்க்கோட ஒப்பிட்டா அதெல்லாம் எறும்புப் புத்து. ஆனாலும் மலை மேல இருக்கிறவங்களைக் கேட்காமலே மலைக்கு விலை போடுறது நமக்கும் புதுசில்லைன்னு சொல்ல வந்தேன்.

*

இதுவரைக்கும் படிச்சவங்க ஒண்ணு கவனிச்சிருப்பீங்க. 1623-ல் பார்த்தார், 1909-ல் தொட்டாங்கன்னே சொல்லிக்கிட்டு வர்றேன். அங்கே ஆளே இல்லையா?

இருந்தாங்க. அந்த மலைக்குத் தெற்கே உள்ள பள்ளத்தாக்குகளில் ஆமுங்மே மக்கள் தலைமுறை தலைமுறையா வாழறாங்க. மலைக்கு அவங்க வச்ச பேர் நெமாங்காவி. அவங்களுக்கு அது தாயின் தலை. ஐரோப்பாவில் பனி உண்டா இல்லையான்னு சிரிச்சுக்கிட்டு இருந்த அத்தனை வருஷமும் அவங்க தினம் காலையில் எழுந்து அதைப் பார்த்துக்கிட்டுத் தான் இருந்தாங்க. யாரும் போய்க் கேட்கலை. சுரங்கம் வந்தப்பவும் கேட்கலை. 1996-ல் ஆமுங்மே தலைவர் டாம் பேயனால் அமெரிக்க நீதிமன்றத்துலயே ஃப்ரீபோர்ட் மேல வழக்குப் போட்டார். வழக்கு தள்ளுபடி ஆச்சு.

2010-ல் லோனி தாம்ப்சன் என்கிற அமெரிக்க விஞ்ஞானி, இந்தோனேசிய வானிலைத் துறையோடு சேர்ந்து அந்தப் பனியில் துளை போட வந்தார். ஆண்டீஸ், கிளிமஞ்சாரோன்னு உலகம் முழுக்க வெப்பமண்டலப் பனியைத் துளைச்சு எடுத்தவர். பனி வருஷா வருஷம் அடுக்கடுக்கா படியும் இல்லையா, அந்த அடுக்குகளில் பழைய காலத்து மழை, வெயில், தூசி எல்லாம் பதிவாகி இருக்கும். குழாய் மாதிரி வெட்டி எடுத்து ஆய்வுக்கூடத்தில் வச்சுப் படிப்பாங்க.

பாறை வரைக்கும் துளைச்சாங்க. ஆழம் 32 மீட்டர். நூத்தி அஞ்சு அடி. திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரங்க கிட்ட சொன்னா சிரிப்பாங்க, நம்ம ஊர்ல நூறு அடியில ஈரமண் கூட வராது, ஆயிரம் அடிக்குப் போயும் புகை தான் வருது. ஆனா அந்தத் தீவில் மிச்சம் இருந்த பனியின் மொத்த ஆழமே அவ்வளவு தான்.

அங்கே இருந்த நாட்களில் பனிக்குப் பதிலா மழை பெய்ஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. கூடாரம் போட்ட ரெண்டு வாரத்தில் அவங்க காலுக்குக் கீழேயே பனி ஓர் அடி இறங்கிப் போச்சு. தாம்ப்சன் அதுவரை எந்தப் பனியாத்துலயும் இப்படிப் பார்த்ததில்லை.

கீழே வந்ததும் வேற பிரச்சினை. வெட்டி எடுத்த பனியை உருக்கிவிடணும்னு உள்ளூர் மக்கள் சிலர் அது இருந்த குளிர்பதனக் கிடங்கை உடைச்சுப் புகுந்துட்டாங்க. பெட்டிகள் அதுக்குள்ளே இடம் மாறி இருந்ததால் தப்பிச்சது. அப்புறம் ஒரு கூட்டம் போட்டுப் பேசினாங்க. மக்கள் தரப்பில் சொன்னது: அந்தப் பனி எங்க தெய்வத்தின் தலை. நீங்க மண்டையில் துளை போட்டு அதன் நினைவுகளைத் திருடிக்கிட்டுப் போறீங்க.

படிச்சப்ப ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்துட்டேன். ஏன்னா, தாம்ப்சன் செஞ்சது அச்சு அசலா அது தான். பனிக்குள்ள இருக்கிற ஞாபகத்தை எடுக்கத்தான் வந்தார். அவரும் மறுக்கலை. நினைவு தான், அது உருகிப் போறதுக்குள்ள காப்பாத்தி வைக்கத்தான் வந்தோம்னு சொல்லியிருக்கார். நாலைஞ்சு மணி நேரம் பேச்சுக்குப் பிறகு கொண்டு போகச் சம்மதிச்சாங்க.

*

அவர் அவசரப்பட்டது சரி தான். கணக்கைப் பாருங்க.

1850 வாக்கில் அந்தத் தீவின் பனிப் பரப்பு சுமார் 19 சதுர கிலோமீட்டர்னு மதிப்பிட்டிருக்காங்க. 1970-களின் தொடக்கத்தில் சுமார் 7. 2002-ல் சுமார் 2. 2018-ல் அரை சதுர கிலோமீட்டருக்கும் கம்மி. 2022-ல் கால் சதுர கிலோமீட்டர் கூட இல்லை. நம்ம அளவில் 60 ஏக்கருக்குள்ள. ஒரு சின்ன ஊர் ஏரி அளவு. 2010-ல் 32 மீட்டர் இருந்த தடிமன், 2022 கடைசியில் இந்தோனேசிய வானிலைத் துறை அளந்தப்ப 6 மீட்டர். 2015-16 எல் நினோ தான் பெரிய அடி. அதுக்கு முன்னாடி வருஷத்துக்கு ஒரு மீட்டர் இறங்கிக்கிட்டு இருந்தது, அப்புறம் அஞ்சு மீட்டர்.

மேலே போட்ட ஏற்காடு கணக்கு தான் இதுக்கும் விளக்கம். உலகம் ஒரு டிகிரி சூடானா, பூஜ்யம் டிகிரிக் கோடு மலையில் சுமார் 150 மீட்டர் மேலே ஏறும். இமயத்துல அதுக்கு மேலயும் மலை இருக்கு, பனி மேலே ஒதுங்கிக்கும். நியூ கினியில் மேலே போக மலையே இல்லை. கோடு உச்சியைத் தாண்டிப் போயிட்டா, மேகம் அதே மேகம் தான், ஆனா விழறது மழை. ஐஸ் மேல மழை விழுந்தா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை. இப்பவும் குளிரான நாட்களில் உச்சியில் பனி விழும். தங்காது.

லோரென்ட்ஸ் தொட்ட திரிகோரா பனி 1962-க்குள்ளயே காணாமப் போச்சு. மண்டாலா சிகரத்துப் பனி 2003-க்குள்ள. மிச்சம் கார்ஸ்டென்ஸ் மலை தான். இன்னும் பத்து வருஷத்துக்குள் அதுவும் முழுசாப் போயிடும்னு 2019-ல் வந்த ஆய்வுக் கட்டுரை சொன்னது.

இந்தோனேசிய மொழியில் அந்தப் பனிக்கு "சல்ஜு அபாதி" என்பார்கள். என்றைக்கும் இருக்கும் பனின்னு அர்த்தம். அதை முதல்ல எழுதி வச்சது 1623, நானூறு வருஷம் கூட உருப்படியாத் தாங்கலை. அதில் பெரும் பகுதி, அப்படி ஒண்ணு இருக்குன்னே வெளியுலகம் நம்பலை. நம்பி, ஏறி, அளந்து, துளைச்சுப் பார்த்த காலம் ஒரு நூறு வருஷம். அதுக்குள்ள தீரப் போகுது.

இன்னும் அம்பது வருஷம் கழிச்சு ஒருத்தர் அதே கடலில், அதே விடியக்காலையில், அதே இடத்துல நின்னு வடக்கே பார்த்தா, வெறும் பாறை தான் தெரியும். பனி இருந்ததுன்னு சொல்ல கார்ஸ்டென்ஸின் ரெண்டு வரி, 1936-ல் எடுத்த போட்டோ, ஒஹையோவில் ஃப்ரீசரில் இருக்கிற சில ஐஸ் குழாய்கள், அப்புறம் ஆமுங்மே பாட்டிகள் சொல்ற கதை. அவ்வளவு தான் சாட்சி. அப்ப இருக்கிற ஒரு கூலி, ரேகைக்குப் பக்கத்துல பனியாவது ஒண்ணாவதுன்னு சிரிக்க மாட்டார்னு என்ன நிச்சயம்?

அதனால பதிவெழுதுற மக்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். உங்க ஊர்ல இப்ப இருக்கிற ஏதாவது ஒண்ணு, காசுக்கு ஆகாதது, யாரும் கணக்குல எடுக்காதது, ஓடை, சுனை, எப்பவாவது வந்து போற பறவை, மலை மேல இத்தனாம் மாசம் வந்து உட்கார்ற மேகம், எதுவா இருந்தாலும் சரி. ரெண்டு வரி எழுதுங்க. இடத்தைச் சொல்லுங்க. மறக்காம தேதி போடுங்க. பிப்ரவரி 16-ன்னு அந்த மனுஷன் தேதி போடாம விட்டிருந்தா இன்னிக்கு அவரை நாம எங்கே தேடுறது?